பேட்டரி வண்டி வந்தால் சென்னை மாறுமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மின்சார வண்டிகளைப் பற்றி வருவதில் பாதி விளம்பரம், மீதி பயமுறுத்தல். வாங்கலாமா வேண்டாமா என்பதைப் பற்றித்தான் எல்லாரும் பேசுகிறார்கள். எல்லாரும் வாங்கினால் ஊருக்கு என்ன ஆகும் என்று கேட்பவர்கள் குறைவு. சென்னையை வைத்து அந்தக் கேள்வியைப் பார்ப்போம், வேறு ஊர்க் கதை தேவைப்படும் இடத்தில் மட்டும் வரும்.

நிலைத்த வளர்ச்சி என்று எல்லாத் திட்டத்திலும் எழுதுகிறார்களே, அதற்கும் வண்டிக்கும் என்ன சம்பந்தம்?

ஐ.நா. வைத்திருக்கும் 17 நிலைத்த வளர்ச்சி இலக்குகளில் 11-வது நகரங்களைப் பற்றியது. அதற்குள் போக்குவரத்துக்கென்று ஓர் உட்பிரிவு உண்டு. 2030-க்குள் எல்லாருக்கும் பாதுகாப்பான, கையைக் கடிக்காத, ஏறி இறங்கச் சுலபமான போக்குவரத்து கிடைக்க வேண்டும், அதிலும் பொதுப் போக்குவரத்தைப் பெருக்கித்தான் அதைச் செய்ய வேண்டும், பெண்கள், குழந்தைகள், முதியவர்கள், மாற்றுத்திறனாளிகள் தேவையைக் கவனத்தில் வைக்க வேண்டும் என்பது அதன் சாரம். பேட்டரி என்ற பேச்சே அங்கே இல்லை. காற்றின் தரம் தனியாக இன்னோர் உட்பிரிவில் வருகிறது. ஆக, அண்ணா சாலையில் ஓடும் எல்லாக் கார்களும் நாளைக்கே பேட்டரி கார்களாக மாறிவிட்டால் காற்றுப் பிரிவில் நல்ல மார்க் விழும், போக்குவரத்துப் பிரிவில் ஒரு மார்க்கும் ஏறாது. இந்த வித்தியாசத்தை மனதில் வைத்துக்கொண்டால் இந்த விஷயத்தில் உள்ள பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

சென்னைக்கு மின்சார வண்டி புதிதுதானே?

இல்லவே இல்லை. இந்தியாவின் முதல் மின்சார டிராம் ஓடியது இங்கேதான், 1895-ல். 1953-ல் நிறுத்திவிட்டார்கள், நடத்திய கம்பெனி நொடித்துப் போனது. கடற்கரையிலிருந்து தாம்பரம் வரைக்கும் மின்சார ரயில் ஓடத் தொடங்கியது 1931-ல். மெட்ரோவும் மின்சாரம்தான். நகரத்தில் தினமும் மின்சாரத்தில் பயணம் செய்கிறவர்களை எண்ணினால், பேட்டரி ஸ்கூட்டர் வைத்திருப்பவர்கள் அதில் ஒரு சிறு பங்குதான். செங்கல்பட்டிலிருந்து காலை லோக்கலில் தொங்கிக்கொண்டு வருகிறவரை யாரும் பசுமைப் பயணி என்று பாராட்டி விளம்பரம் எடுப்பதில்லை, அது வேறு விஷயம்.

கரண்டே நிலக்கரியில்தானே வருகிறது? அப்புறம் பேட்டரி வண்டியில் என்ன லாபம்?

நியாயமான கேள்வி. இதைக் கேட்பவரைப் பெட்ரோல் பங்க்காரரின் ஆள் என்று ஒதுக்க வேண்டாம், கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

இந்தியாவில் உற்பத்தியாகும் மின்சாரத்தில் சுமார் முக்கால் பங்கு நிலக்கரியில் வருகிறது. சூரிய ஒளி, காற்று, நீர், அணு எல்லாவற்றையும் சேர்த்துச் சராசரி எடுத்தால் ஒரு யூனிட் மின்சாரத்துக்கு 0.7 கிலோவுக்குச் சற்று அதிகமான கார்பன் டை ஆக்சைடு வெளியாகிறது. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் சுமார் 2.3 கிலோ.

ஸ்கூட்டரில் தொடங்கலாம். பேட்டரி ஸ்கூட்டர் 100 கிலோமீட்டர் ஓட, சார்ஜரிலும் மின்கம்பியிலும் வீணாவதையும் சேர்த்து, 4 யூனிட் என்று வைத்துக்கொள்ளுங்கள். 2.9 கிலோ வருகிறது. லிட்டருக்கு 45 கிலோமீட்டர் கொடுக்கும் பெட்ரோல் ஸ்கூட்டர் அதே தூரத்துக்கு 5 கிலோவுக்கு மேல் விடுகிறது. நல்ல லாபம்தான்.

கார் என்றால் கதை மாறுகிறது. நடுத்தர அளவு பேட்டரி கார் 100 கிலோமீட்டருக்கு எல்லா வீணடிப்பும் சேர்த்து 18 யூனிட் இழுக்கும், அதாவது 13 கிலோ. லிட்டருக்கு 15 கிலோமீட்டர் ஓடும் பெட்ரோல் கார் 15 கிலோ சொச்சம். கச்சா எண்ணெயை எடுத்துச் சுத்திகரித்துக் கொண்டுவருவதில் வெளியாகும் கார்பனையும் சேர்த்தால் பெட்ரோல் காரின் கணக்கு இன்னும் கொஞ்சம் ஏறும். மறுபக்கம், கார் பேட்டரியைத் தயாரிப்பதிலேயே டன் கணக்கில் கார்பன் வெளியாகிவிடுகிறது, அதை ஓட்டி ஈடுகட்ட வேண்டும். வாரத்துக்கு ஒருமுறை மாமியார் வீட்டுக்கு மட்டும் எடுக்கப்படும் பேட்டரி காருக்கு ஈடுகட்டும் நாள் வர ரொம்பக் காலம் பிடிக்கும்.

இப்போது பஸ். இது பலருக்குப் பிடிக்காது. பழைய டீசல் பஸ் லிட்டருக்கு 4 கிலோமீட்டர் ஓடுகிறது என்று வைத்தால் கிலோமீட்டருக்கு 670 கிராம் வருகிறது. 50 பேர் ஏறியிருந்தால் தலைக்கு 13 கிராம். தனியாளாகப் பேட்டரி ஸ்கூட்டரில் போகிறவருக்கு 29 கிராம், பேட்டரி காரில் தனியாகப் போகிறவருக்கு 130 கிராம். புகையைக் கக்கிக்கொண்டு கூட்டமாகப் போகும் அந்தப் பழைய பஸ், கார்பன் கணக்கில் பளபளக்கும் புது மின்சாரக் காரைத் தூக்கிச் சாப்பிட்டுவிடுகிறது.

ஒன்றைச் சொல்லாமல் விட்டால் கணக்கு அநியாயமாகிவிடும். இன்று வாங்கிய பெட்ரோல் வண்டி சாகும்வரை அதே அளவுதான் விடும், வயதானால் கூடுமே தவிரக் குறையாது. பேட்டரி வண்டியின் கணக்கு மின்சாரம் சுத்தமாக ஆகத் தானாகக் குறையும். தமிழ்நாட்டில் காற்றாலைத் திறன் மட்டும் 11,000 மெகாவாட் அளவுக்கு இருக்கிறது, சூரிய மின்சாரமும் 10,000 மெகாவாட்டைத் தாண்டிவிட்டது. முப்பந்தலில் ஆடிக் காற்று அடிக்கும் மாதங்களில் நம் கரண்ட் நாட்டுச் சராசரியைவிடச் சுத்தமாகவே இருக்கும்.

அப்படியென்றால் புகை தி.நகரிலிருந்து எண்ணூருக்கு இடம் மாறுகிறது, அவ்வளவுதானே?

ஓரளவுக்கு ஆமாம். சென்னைக்கு இதுதான் மிகச் சங்கடமான கேள்வி, இதைத் தவிர்த்துவிட்டுப் பசுமை நகரம் பற்றிப் பேசுவதில் அர்த்தமில்லை.

வட சென்னை அனல் மின் நிலையம், வல்லூர் அனல் மின் நிலையம் எல்லாம் எண்ணூர், மீஞ்சூர் பக்கத்தில் இருக்கின்றன. வட சென்னையில் 800 மெகாவாட் கொண்ட மூன்றாம் கட்டத்தை 2024 மார்ச்சில்தான் திறந்தார்கள். நிலக்கரிச் சாம்பலைத் தண்ணீரில் கலந்து குழாயில் அனுப்புகிறார்கள், குழாய் ஒழுகிச் சாம்பல் கொசஸ்தலை ஆற்றிலும் எண்ணூர்க் கழிமுகத்திலும் படிந்தது என்பதைப் பல வருடங்களாக அங்குள்ள மீனவர்கள் சொல்லி வருகிறார்கள், பசுமைத் தீர்ப்பாயம் வரை போயிருக்கிறார்கள். செப்பாக்கம் கிராமம் சாம்பல் குளத்துக்குப் பக்கத்திலேயே கிடக்கிறது. புகைபோக்கியில் கந்தகத்தைப் பிடிக்கும் கருவி வைக்க வேண்டும் என்ற விதி 2015-ல் வந்தது, கெடு தள்ளிப் போய்க்கொண்டே இருந்து 2025 ஜூலையில் நாட்டின் பெரும்பாலான நிலையங்களுக்குத் தளர்த்தியே விட்டார்கள். பெருநகரங்களுக்கு 10 கிலோமீட்டருக்குள் இருப்பவற்றுக்கு 2027 டிசம்பர் வரை கெடு.

பெட்ரோல் மட்டும் வட சென்னைக்கு நல்லது செய்ததா என்றும் கேட்க வேண்டும். சுத்திகரிப்பு ஆலை மணலியில் இருக்கிறது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் கலந்து பக்கிங்காம் கால்வாய் வழியாகக் கழிமுகம் வரை போனதை மறந்திருக்க மாட்டீர்கள். படகு, வலை, வீட்டுச் சுவர் எல்லாவற்றிலும் கறுப்புப் பிசின். மீனவர்கள் கையால் அள்ளினார்கள். ஆக, தென் சென்னைக்காரர் எந்த வண்டி ஓட்டினாலும் அதற்கான விலையில் ஒரு பங்கை வட சென்னைதான் இதுவரை கட்டி வந்திருக்கிறது. பேட்டரி வண்டியால் அதை மாற்ற முடியும், பெட்ரோலால் ஒருநாளும் முடியாது, ஆனால் மின் நிலையங்களை அப்படியே விட்டுவிட்டு வண்டியை மட்டும் மாற்றினால் மாறாது. மின்சார வண்டிக் கொள்கை எழுதுகிறவர்களும் மின் உற்பத்தித் திட்டம் போடுகிறவர்களும் வேறு வேறு கட்டடத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதுதான் என் வருத்தம்.

சரி, ஊருக்குள் மூச்சு விடுகிற காற்றாவது சுத்தமாகுமா?

ஆகும், நீங்கள் எதிர்பார்க்கும் அளவுக்கு இல்லை. சிக்னலில் நிற்கும்போது முன்னால் இருக்கும் வண்டியின் சைலன்சர் உங்கள் மூக்குக்குச் சில அடி தூரத்தில் இருக்கிறது. உயரமான புகைபோக்கியிலிருந்து வருவதைவிட இந்தப் புகையை நீங்கள் நேராக இழுக்கிறீர்கள். அதனால் இது நின்றாலே டிராஃபிக் போலீஸ்காரர், நடைபாதைக் கடைக்காரர், ஆட்டோ ஓட்டுநர், பஸ் ஸ்டாப்பில் நிற்பவர் ஆகியோருக்கு நேரடி நன்மை. நைட்ரஜன் ஆக்சைடு, டீசல் கரி இரண்டும் நன்றாகவே குறையும். சத்தமும் குறையும், ஹாரன் குறையாது.

டயர் தேய்மானமும் சாலைத் தூசியும் அப்படியே இருக்கும். பேட்டரி கார் அதே அளவு பெட்ரோல் காரைவிட எடை கூட, அதனால் டயர் கொஞ்சம் அதிகமாகவே தேயும். பிரேக் தூசி மட்டும் குறைவு, ஏனென்றால் வேகம் குறையும்போது மோட்டாரே இழுத்துப் பிடித்து பேட்டரிக்குக் கரண்ட் அனுப்புகிறது. டயர், பிரேக் துகள்களுக்கும் ஐரோப்பா தன் யூரோ 7 விதியில் வரம்பு கொண்டுவந்திருக்கிறது, அது மின்சார வண்டிக்கும் பொருந்தும். இங்கே மெட்ரோவுக்கும் மழைநீர் வடிகாலுக்கும் தோண்டிய மண்ணை மூடாமல் விடுவதை நிறுத்தினால், பத்தாயிரம் பேட்டரி கார்கள் செய்யாததை அது செய்யும்.

டிராஃபிக் குறையுமா?

குறையாது. பேட்டரி காரும் ஒரு காருக்கான இடத்தைத்தான் அடைக்கும், நிறுத்தவும் அதே இடம் வேண்டும். ஓட்டும் செலவு குறைவு என்பதால் கூடுதலாக எடுக்கத் தோன்றும், அதனால் கொஞ்சம் கூடவும் வாய்ப்பு இருக்கிறது.

அப்போது எதை முதலில் மின்சாரமாக்க வேண்டும்?

பஸ், அப்புறம் ஆட்டோவும் டெலிவரி வண்டிகளும், அப்புறம் ஸ்கூட்டர், கடைசியில் சொந்தக் கார். இது என் வரிசை. ஒரு நாளில் அதிக தூரம் ஓடி அதிகம் பேரைச் சுமக்கும் வண்டிக்கு முதலிடம், அவ்வளவுதான் தர்க்கம்.

சீனாவின் ஷென்சென் நகரம் இதைத்தான் செய்தது. 2017 முடிவதற்குள் 16,000-க்கும் மேற்பட்ட நகரப் பேருந்துகள் முழுவதையும் மின்சாரமாக்கிவிட்டது, பின்னாலேயே டாக்சிகளும் மாறின. மானியத்தைக் கொட்டினார்கள், மின்சார பஸ் செய்யும் பி.ஒய்.டி. கம்பெனி உள்ளூரிலேயே இருந்தது, டிப்போக்களில் சார்ஜருக்கு நிலம் ஒதுக்கினார்கள். நமக்கு அதே வேகம் வராது. ஆனால் வரிசையைக் காப்பியடிக்கலாம்.

சென்னையில் 2025 ஜூன் 30 அன்று வியாசர்பாடி டிப்போவிலிருந்து 120 தாழ்தள மின்சாரப் பேருந்துகள் ஓடத் தொடங்கின. உலக வங்கி உதவியோடு நடக்கும் திட்டத்தின் முதல் கட்டமாக மொத்தம் 625. அடுத்து பெரும்பாக்கம் டிப்போவிலிருந்து 135, அவற்றில் ஏ.சி. பஸ்ஸும் உண்டு. பஸ்ஸும் ஓட்டுநரும் தனியார் கம்பெனியுடையது, கண்டக்டர் மாநகர் போக்குவரத்துக் கழகத்தவர், ஓடும் கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று கழகம் பணம் தருகிறது. தொழிற்சங்கங்கள் இதைப் பின்வாசல் வழித் தனியார்மயம் என்கின்றன. பஸ்ஸின் விலை டீசல் பஸ்ஸைவிட மிக அதிகம், அதைக் கழகம் மொத்தமாகப் போட முடியாது என்பது அரசுத் தரப்பு. என்னைக் கேட்டால், பணம் கிலோமீட்டருக்குத் தரப்படுகிறது என்பதால் பஸ் நிரம்பினதா காலியாகப் போனதா என்ற கவலை கம்பெனிக்கு இல்லை, அந்தக் கவலையைக் கழகம்தான் படவேண்டும், எந்த ரூட்டில் எத்தனை மணிக்கு விடுவது என்ற முடிவு சரியாக இல்லாவிட்டால் நல்ல பஸ்ஸும் வீண்.

தாழ்தளம் என்பதைக் கவனிக்காமல் விட வேண்டாம். மாற்றுத்திறனாளிகள் பல வருடம் உயர் நீதிமன்றத்தில் போராடித்தான் இது இந்த அளவுக்கு வந்தது. பஸ் படிக்கட்டு முழங்கால் உயரத்தில் இருந்தால், முதியவர் ஒருவருக்கு அது டீசலா பேட்டரியா என்பது ஒரு பொருட்டா?

இன்னொன்று எண்ணிக்கை. சென்னையில் 3,000-க்கு மேல் அரசு பஸ் ஓடுகிறது, மக்கள்தொகைக்கு அது போதாது. புது மின்சார பஸ் வந்ததும் பழையதைக் கழித்துவிட்டால் நிறம் மட்டும்தான் மாறும். கூடுதலாக விட்டால்தான் ஸ்கூட்டரில் போகிறவர் பஸ்ஸுக்கு வருவதைப் பற்றி யோசிப்பார். சாதாரணக் கட்டண பஸ்களில் 2021 மே முதல் பெண்களுக்கு இலவசம் என்று வந்த பிறகு எத்தனை பேருடைய அன்றாடச் செலவு குறைந்தது என்பது வீட்டு வேலைக்குப் போகிறவர்களிடம் பேசினால் தெரியும். அந்த வகை பஸ் குறைந்து ஏ.சி. மின்சார பஸ் பெருகினால் காற்று சுத்தமாகி ஏழைகளின் பயணம் கடினமாகும்.

நார்வேயில் எல்லாரும் மின்சாரக் கார்தானே, நாமும் அப்படி ஆக முடியாதா?

நார்வேயில் 2024-ல் விற்ற புதுக் கார்களில் சுமார் 89 சதவீதம் முழு மின்சாரம். அங்கே கார் வாங்கப் பெரிய வரி உண்டு, மின்சாரக் காருக்கு அதை விலக்கினார்கள், சுங்கத்தில் சலுகை, பஸ் தடத்தில் ஓட்ட அனுமதி எல்லாம் கொடுத்தார்கள். அந்த நாட்டு மின்சாரம் கிட்டத்தட்ட முழுக்க நீர்மின்சாரம், அதனால் நாம் மேலே போட்ட நிலக்கரிக் கணக்கு அங்கே பொருந்தாது. அப்புறம் என்ன ஆயிற்று என்றால், பஸ் தடத்தில் மின்சாரக் கார்கள் நிரம்பி பஸ்ஸே நகர முடியாமல் போய், கொடுத்த சலுகைகளை ஒவ்வொன்றாகக் குறைத்துக்கொண்டு வருகிறார்கள்.

நமக்குப் பக்கத்தில் காத்மாண்டுவைப் பார்ப்பது உபயோகமாக இருக்கும். 1990-களிலேயே சஃபா டெம்போ என்ற மூன்று சக்கர மின்சார வண்டி அங்கே ஷேர் ஆட்டோ மாதிரி ஓடத் தொடங்கிவிட்டது, அதைப் பெண்கள் நிறையப் பேர் ஓட்டினார்கள். நேபாளத்துக்கும் நீர்மின்சாரம் இருக்கிறது, பெட்ரோலை முழுக்க இந்தியா வழியாக வாங்குவதால் அந்தச் செலவைக் குறைக்கும் அவசரமும் இருக்கிறது. வரியைக் குறைத்ததும் மின்சாரக் கார் இறக்குமதி எகிறிவிட்டது.

வீட்டில் சார்ஜ் போட்டால் ஈபி பில் எகிறுமா?

ஸ்கூட்டருக்குப் பயப்பட வேண்டாம். நாளைக்கு 30 கிலோமீட்டர் ஓட்டினால் தினமும் ஒரு யூனிட், இரண்டு மாதப் பில்லில் 60 யூனிட் கூடும். கார் என்றால் நாளைக்கு 40 கிலோமீட்டருக்கு இரண்டு மாதத்தில் 400 யூனிட் வரை வரும். இங்கேதான் சூட்சுமம். தமிழ்நாட்டில் வீட்டு இணைப்பில் முதல் 100 யூனிட் இலவசம், ஆனால் மொத்தம் 500-ஐத் தாண்டினால் மேலே உள்ள யூனிட்டுக்கு மட்டுமில்லாமல் கீழ் அடுக்குகளுக்கும் சலுகை விலை போய்விடும். ஏற்கெனவே ஏ.சி. ஓடும் வீட்டில் கார் சார்ஜும் சேர்ந்தால் 500 தாண்டுவது நிச்சயம். அப்போதும் பெட்ரோல் செலவோடு ஒப்பிட்டால் லாபம்தான், ஆனால் விற்பனைக்காரர் காட்டும் அட்டவணையில் இருக்கும் அளவு லாபம் இருக்காது.

பில்லைவிடப் பெரிய பிரச்சினை பிளக். தனி வீட்டுக்காரருக்குக் கவலையில்லை. அடுக்குமாடியில் கார் நிறுத்தும் இடத்தில் பிளக் வைக்கச் சங்கக் கூட்டத்தில் சண்டை நடக்கும். மத்திய அரசின் மாதிரிக் கட்டட விதிகளில் 2019-லேயே புதுக் கட்டடங்களின் வாகன நிறுத்தத்தில் 20 சதவீதம் சார்ஜிங்குக்கு ஏற்றதாக இருக்க வேண்டும் என்று சேர்த்துவிட்டார்கள், பழைய கட்டடத்துக்கு அது உதவாது. புளியந்தோப்பிலோ சைதாப்பேட்டைச் சந்துகளிலோ மாடியில் வாடகைக்கு இருந்துகொண்டு, வண்டியைத் தெருவில் நிறுத்துகிறவர் என்ன செய்வார்? வீட்டு ஓனர் சப் மீட்டர் போட்டு யூனிட்டுக்குத் தன் இஷ்டத்துக்கு விலை வைக்கும் வழக்கம் வேறு. தெருமுனை சார்ஜிங் பாயின்ட், கழற்றி மாட்டும் பேட்டரி, பேட்டரி மாற்றித் தரும் நிலையம் இவை பரவாதவரை மானியமும் வரி விலக்கும் சொந்த வீட்டுக்காரர் பக்கமே போகும்.

எல்லாரும் ஒரே நேரத்தில் சார்ஜ் போட்டால் மின் வலையமைப்பு (கிரிட்) தாங்குமா?

மாநில அளவில் தாங்கும். தமிழ்நாட்டின் உச்ச மின் தேவை 2024 மே மாதத்தில் 20,830 மெகாவாட்டைத் தொட்டது, அதைத் தூக்கியது வெயிலும் ஏ.சி.யும், ஸ்கூட்டர்கள் இல்லை. சிக்கல் தெரு அளவில் வரும். மாலை 7 மணிக்கு எல்லாரும் வீட்டுக்கு வந்து ஏ.சி. போட்டு, வண்டியையும் சொருகினால் தெரு டிரான்ஸ்ஃபார்மர் தள்ளாடும். பகலில் வெயில் மின்சாரம் கொட்டுகிறது, சில நாள் வாங்க ஆளில்லாமல் உற்பத்தியைக் குறைக்கச் சொல்கிறார்கள். அதனால் அலுவலகம், ரயில் நிலைய வாகன நிறுத்தம், மால், கல்லூரி இங்கெல்லாம் பகல் சார்ஜிங் வைப்பதுதான் புத்திசாலித்தனம். பொது சார்ஜிங் நிலையங்களுக்குக் காலை 9 முதல் மாலை 4 வரை மலிவு, மற்ற நேரத்தில் கூடுதல் விலை என்று மத்திய வழிகாட்டுதலும் இருக்கிறது. ராத்திரி சார்ஜ் பெரும்பாலும் நிலக்கரி, பகல் சார்ஜில் வெயிலுக்குப் பெரிய பங்கு உண்டு.

ஆட்டோ ஓட்டுநர், டெலிவரி செய்பவர்களுக்கு உபயோகமா?

கணக்குப்படி அவர்களுக்குத்தான் அதிக லாபம், நாளைக்கு 100 கிலோமீட்டர் ஓட்டுகிறவருக்கு எரிபொருள் மிச்சம் நேராக வீட்டுச் செலவுக்குப் போகும். நாடு முழுவதும் புது மூன்று சக்கர வண்டி விற்பனையில் பாதிக்கு மேல் இப்போது மின்சாரம்தான், யாரும் பிரசங்கம் செய்து வந்ததில்லை அது. தடையாக நிற்பது கடன். பழைய பேட்டரி வண்டி என்ன விலைக்குப் போகும் என்று ஃபைனான்ஸ்காரருக்குத் தெரியாததால் வட்டியைக் கூட்டிப் போடுகிறார். இன்னொரு தடை நேரம், சார்ஜ் ஏறக் காத்திருக்கும் இரண்டு மணி நேரம் சவாரி இல்லாத நேரம். மாநில அரசின் 2025-26 பட்ஜெட்டில் இணையத் தொழிலாளர்கள், அதாவது ஆப் மூலம் டெலிவரி போன்ற வேலை செய்பவர்கள், 2,000 பேருக்குப் புது பேட்டரி ஸ்கூட்டர் வாங்கத் தலா 20,000 ரூபாய் அறிவித்தார்கள். நல்ல விஷயம், இந்த ஊரில் டெலிவரி பையோடு ஓடுகிறவர்கள் எத்தனை பேர் என்று பார்த்தால் 2,000 என்பது சாம்பிள்.

தீப்பிடிக்கும் என்கிறார்களே? வெள்ளத்தில் என்ன ஆகும்?

2022-ல் அடுத்தடுத்து நடந்தது நிஜம். அந்த மார்ச்சில் வேலூரில் சார்ஜில் இருந்த ஸ்கூட்டர் பற்றி, புகையில் மூச்சுத் திணறித் தந்தையும் மகளும் இறந்தார்கள். அதற்குப் பிறகு பேட்டரிப் பாதுகாப்புத் தரத்தை இறுக்கினார்கள், 2022 டிசம்பரிலும் 2023 மார்ச்சிலும் இரண்டு கட்டமாக அமலுக்கு வந்தது. இப்போது பல கம்பெனிகள் சூட்டைக் கூடுதலாகத் தாங்கும் லித்தியம் அயர்ன் பாஸ்பேட் வகைக்கு மாறியிருக்கின்றன. வீட்டில் செய்ய வேண்டியது: வெளியே போகும் ஒரே வழியில், படிக்கட்டுக்கு அடியில் சார்ஜ் போடாதீர்கள், வண்டியோடு வந்த சார்ஜரை மட்டும் பயன்படுத்துங்கள், எர்த் சரியாக இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனை வைத்துப் பாருங்கள்.

வெள்ளத்தைப் பொறுத்தவரை, பேட்டரிப் பெட்டி தண்ணீர் புகாதபடிதான் வருகிறது, முழங்கால் தண்ணீரில் பெட்ரோல் வண்டி சைலன்சரில் நீர் ஏறி நிற்பதுபோல் நிற்காது. ஆனால் வேளச்சேரி, முடிச்சூர் பக்கம் போல ஒருநாள் முழுக்க மூழ்கிக் கிடந்த வண்டியைக் காய்ந்துவிட்டது என்று நினைத்துச் சார்ஜில் போடவே கூடாது, சர்வீஸ் ஆட்கள் பார்த்த பிறகுதான். வெள்ளத்தோடு இரண்டு நாள் கரண்டும் போகும் என்பதால் புயல் எச்சரிக்கை வந்ததும் முழுச் சார்ஜ் போட்டு மேடான இடத்தில் நிறுத்திவிடுவது நல்லது.

பழைய பேட்டரிகளெல்லாம் கொடுங்கையூர் குப்பைமேட்டுக்குத்தானே?

போகக் கூடாது. 2022-ல் வந்த பேட்டரிக் கழிவு விதிப்படி தயாரித்தவரே திரும்பப் பெற்று மறுசுழற்சி செய்ய வேண்டும். வண்டிக்கு உதவாத பேட்டரியில் பெரும்பாலும் முக்கால்வாசித் திறன் மிச்சம் இருக்கும், சோலார் மின்சாரத்தைச் சேமிக்கப் பயன்படுத்தலாம். விதி காகிதத்தில் நன்றாக இருக்கிறது, காயலான் கடைவரை அது எட்டுமா என்பதில் எனக்குச் சந்தேகம் உண்டு. லித்தியத்துக்கும் கோபால்ட்டுக்கும் சிலியிலும் காங்கோவிலும் தோண்டுகிறவர்கள் கொடுக்கும் விலை இன்னொரு பெரிய கதை. சிறிய பேட்டரி, நிறையப் பேர் பகிரும் வண்டி என்று போனால் அந்தத் தோண்டலும் குறையும்.

மெக்கானிக்குகள் வேலை போய்விடுமா?

சிலருக்குப் போகும். ஆயில் மாற்றுவது, கார்புரேட்டர் சுத்தம் செய்வது, கிளட்ச் பிளேட், சைலன்சர் என்று பிழைப்பவர்கள் இருக்கிறார்கள். பஞ்சர் கடைக்குப் பயமில்லை. புதுப்பேட்டையில் பழைய எஞ்சினைப் பிரித்து விற்கும் தொழிலும், அம்பத்தூர், பாடி, கோவைப் பக்கம் எஞ்சினுக்கு வார்ப்பும் லேத் வேலையும் செய்துதரும் சின்னப் பட்டறைகளும்தான் அதிகம் அடிபடும். மறுபக்கம் 2023-ல் வந்த மாநில மின்சார வாகனக் கொள்கை 50,000 கோடி முதலீடு, ஒன்றரை லட்சம் வேலை என்று இலக்கு வைத்தது. ஓசூர், கிருஷ்ணகிரியில் ஸ்கூட்டர் தொழிற்சாலைகள் வந்தன, 2025 ஆகஸ்டில் தூத்துக்குடியில் வியட்நாமின் வின்ஃபாஸ்ட் கார் ஆலை திறந்தது. வேலை போவது அம்பத்தூரில் 50 வயது லேத்காரருக்கு, வேலை வருவது கிருஷ்ணகிரியில் 20 வயது டிப்ளமோக்காரருக்கு. கூட்டிக் கழித்தால் எண்ணிக்கை கூடலாம், அந்த 50 வயதுக்காரருக்கு அதில் ஆறுதல் இல்லை. ஐ.டி.ஐ.களில் மாலை நேர ஹை வோல்டேஜ் பயிற்சி வைத்து அவருக்கும் இடம் கொடுத்தால் ஏதாவது பலன் இருக்கும்.

பெட்ரோல் வரி குறைந்தால் அரசு என்ன செய்யும்?

வேறு எங்காவது வாங்கும். தமிழ்நாட்டில் பெட்ரோலுக்கு 13 சதவீதத்தோடு லிட்டருக்கு 11 ரூபாய் 52 காசு மதிப்புக் கூட்டு வரி. அது வற்றும்போது பேட்டரி வண்டிக்கான சாலை வரி விலக்கு நிரந்தரமாக நீடிக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். நகர மையத்தில் கார் நிறுத்துவதற்குச் சரியான கட்டணம் வாங்கி அதைப் பஸ்ஸுக்குக் கொடுப்பது ஒரு வழி, தி.நகரில் அதைச் சொன்னால் ஓட்டு விழாது.

ஓடிக்கொண்டிருக்கும் என் பெட்ரோல் ஸ்கூட்டரை விற்றுவிட்டு பேட்டரி வண்டி வாங்கட்டுமா?

நாளைக்கு 10 கிலோமீட்டருக்குள் ஓட்டுகிறீர்கள், வண்டி நன்றாக இருக்கிறது என்றால் அவசரப்பட வேண்டாம். நீங்கள் விற்ற வண்டி செங்குன்றத்திலோ திருத்தணியிலோ இன்னும் பத்து வருடம் ஓடும், மொத்தத்தில் ஒரு வண்டி கூடியதுதான் மிச்சம். நாளைக்கு 30 கிலோமீட்டருக்கு மேல் ஓட்டுகிறவர், வீட்டில் பிளக் இருக்கிறது, எப்படியும் இந்த வருடம் புது வண்டி வாங்கத்தான் போகிறார் என்றால் பெட்ரோல் வண்டி எடுப்பதற்குக் காரணமே இல்லை. பதினைந்து வருடம் தாண்டிப் புகை விடும் வண்டியாக இருந்தால் தெருவில் விலை பேசி விற்காமல் பதிவு பெற்ற ஸ்கிராப் மையத்தில் கொடுத்துச் சான்றிதழ் வாங்கிக்கொள்ளுங்கள், ஆர்.சி.யையும் மறக்காமல் ரத்து செய்துவிடுங்கள், இல்லாவிட்டால் யாரோ செய்த தவறுக்கு அபராதச் சீட்டு உங்கள் போனுக்கு வரும்.